95 சதவீதமும் போதாமல் போனது எப்படி: வலை எழுத்துருக்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 1997இலேயே பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து இறக்கிக் காட்டத் தொடங்கிவிட்டது. அதற்கு அது வைத்திருந்த கோப்பு வடிவம் ஈஓடி. 2002, 2003 வாக்கில் அந்த உலாவியின் பங்கு 95 சதவீதத்தை ஒட்டி நின்றது. அவ்வளவு பெரிய பங்கு கையில் இருந்தும் ஈஓடி தரமாகவில்லை. இன்றைய குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி எதுவும் அதைத் திறப்பதில்லை. அதே நேரம், 2010 ஜனவரியில் ஃபயர்பாக்ஸ் 3.6இல் முதலில் வந்த வாஃப் என்ற வடிவம் மூன்றே ஆண்டுக்குள், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாகிவிட்டது, அதாவது தரமாகிவிட்டது. அது வந்தபோது அதைத் திறக்கத் தெரிந்த உலாவி அந்த ஒன்றுதான்.

பங்கு கூடினால் தரம் பரவும் என்ற கணக்கு இங்கே ஏன் பொய்த்தது என்பதைப் பார்க்க, தமிழ்ப் பக்கங்களை விட நல்ல சான்று கிடைக்காது. ஈஓடியை உண்மையில் அன்றாடம் நம்பியிருந்தவை தமிழ், தெலுங்கு, இந்தித் தளங்கள்தாம். ஆங்கிலத் தளங்களுக்கு அது அலங்காரம். இவர்களுக்கு அது இல்லையென்றால் பக்கமே இல்லை.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு புதிய வசதிக்கு எத்தனை சதவீத ஆதரவு வந்தபின் அதை நம்பலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த எண்ணை முடிவு செய்வது, ஆதரவில்லாத மிச்சப் பேருக்குத் திரையில் என்ன தெரிகிறது என்பதுதான். மிச்சப் பேருக்குக் குப்பை தெரிந்தால் 95 போதாது. வாசிக்கும்படி ஏதோ ஒன்று தெரிந்தால் 60 கூடப் போதும்.

வடிவம் சொல்லாத விதி

1997இல் இரண்டு உலாவிகளும் ஆளுக்கொரு வழியில் போயின. நெட்ஸ்கேப் 4, பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் நுட்பத்தை எடுத்துக்கொண்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் (ஐஇ) 4, ஈஓடியை எடுத்துக்கொண்டது. பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், 1998 மே மாதம் வந்த 2ஆம் பதிப்பு, எழுத்துருக் கோப்பின் முகவரியைத் தரும் ஃபான்ட்-ஃபேஸ் விதியை வகுத்தது. ஆனால் அந்த முகவரியில் எந்த வடிவத்தில் கோப்பு இருக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டது. விதி பொது, கோப்பு தனி என்ற இந்த ஓட்டைதான் அடுத்த பத்தாண்டுத் தகராறுக்கெல்லாம் காரணம்.

நெட்ஸ்கேப் 6 வந்தபோது ட்ரூடாக் ஆதரவு போய்விட்டது. ஈஓடி தனியாக நின்றது. பிறகு சிஎஸ்எஸ் 2.1 எழுதியவர்கள், செயல்படுத்திய உலாவிகள் போதாது என்று ஃபான்ட்-ஃபேஸ் விதியையே தூக்கிவிட்டார்கள். சந்தையில் பத்தில் ஒன்பது பேர் கையில் ஓடிக்கொண்டிருந்த வசதி, தர ஆவணத்தில் இல்லாமல் போனது. ஒரு விதியைத் தரமாக்க ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குறைந்தது இரண்டு செயலாக்கங்கள் வேண்டும் என்பது டபிள்யூ3சி வழக்கம். ஒரே உலாவியின் பங்கு எவ்வளவு பெருத்தாலும் அது ஒன்றுதான்.

தமிழ்ப் பக்கம் எப்படி ஓடியது

எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு. ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரணக் கணினியில் அதைக் காட்ட லதா போன்ற எழுத்துரு இல்லை. எனவே தளங்கள், ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த 8-பிட் எழுத்துருக்களை நம்பின. டிஸ்கி ஒருபுறம், தமிழ்நாடு அரசு 1999இல் அறிவித்த டேப், டேம் மறுபுறம், இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி, போதாதற்குப் பல நாளிதழ்கள் தமக்கென்றே செய்துகொண்ட குறியேற்றங்கள், அதாவது எந்த எண்ணில் எந்த எழுத்து என்ற ஏற்பாடுகள்.

இவற்றில் எல்லாம் கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல. பாமினியில் 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ, பின் ஓர் அரைப்புள்ளி என ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கும். பாமினி எழுத்துரு ஏறினால் மட்டும் அந்த ஜே 'த' ஆகும். டிஸ்கியிலும் டேபிலும் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரும்.

எழுத்துருவை ஒவ்வொரு வாசகரும் இறக்கி நிறுவ வேண்டும் என்ற தொல்லையைத் தீர்த்தது ஈஓடி. மைக்ரோசாஃப்டின் வெஃப்ட் என்ற இலவசக் கருவியில் வேலை இப்படி நடக்கும். எழுத்துருவை முதலில் விண்டோஸில் நிறுவ வேண்டும். வெஃப்டில் தளத்தின் பக்க முகவரிகளைக் கொடுத்தால் அது ஒவ்வொன்றாகப் போய், எந்தெந்த எழுத்துகள் பயன்பட்டிருக்கின்றன என்று எண்ணும். அவற்றை மட்டும் நறுக்கியெடுக்கும். எந்தத் தள முகவரிகளில் இந்தக் கோப்பு வேலை செய்யலாம் என்ற பட்டியலைக் கேட்கும். பிறகு ஈஓடிக் கோப்பையும் அதற்கான சிஎஸ்எஸ் வரிகளையும் கொடுக்கும்.

இதில் இரண்டு இடத்தில் பெரும்பாலும் வழுக்கும். முதலாவது, அந்த நறுக்கல். இன்றைய செய்திகளைப் பார்த்து நறுக்கிய கோப்பில் 'ஞூ' வந்திருக்காது, 'ஸ்ரீ' கூட விட்டுப்போயிருக்கலாம். நாளைய செய்தியில் அது வந்தால் அந்த ஒரு குறி மட்டும் வேறு எழுத்துருவில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்தாக நிற்கும். தினமும் மாறும் தளத்துக்கு நறுக்கலை நிறுத்திவிட்டு முழு எழுத்துருவையும் ஏற்றுவதே சரி. இரண்டாவது, முகவரிப் பட்டியல். டபிள்யூடபிள்யூடபிள்யூ முன்னொட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டையும் கொடுக்காவிட்டால், வாசகர் எப்படித் தட்டச்சு செய்து வந்தார் என்பதைப் பொறுத்துப் பக்கம் தெரியும் அல்லது உடையும். நிர்வாகி தன் கணினியில் சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்த எழுத்துரு அங்கே ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது. சோதிப்பதற்கு முன் எழுத்துருவை நீக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது. அதில் ஒரு தமிழ் நாளிதழைத் திறந்தால் முழுப்பக்கமும் குப்பை. தளத்தாரின் கணக்கோ எளிமையானது: நூற்றுக்கு ஐந்து பேருக்காகக் குறியேற்றத்தையே மாற்ற வேண்டுமா? தேடுபொறியில் தங்கள் செய்தி ஒன்றுகூடச் சிக்காது என்பதும், வெட்டி ஒட்டினால் ஜேயும் கேயும்தான் வரும் என்பதும் அந்தக் கணக்கில் வரவில்லை. பக்கங்களைத் தானே படித்துச் சேகரிக்கும் தேடுபொறியின் தவழ்நிரலும் ஆதரவில்லாத மிச்சத்தில் ஒன்றுதான், ஆனால் அது எந்தப் பங்குப் பட்டியலிலும் இடம்பெறாது. நூற்றுக்கு ஐந்து என்று எண்ணிய எண் அங்கேயே தப்பு.

மிச்சப் பேர் தாமே வழி தேடிக்கொண்டார்கள். பத்மா என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சி, தெரிந்த தளங்களின் 8-பிட் எழுத்துகளை உலாவிக்குள்ளேயே யூனிகோடாக மாற்றிக் காட்டியது. லினக்ஸில் எழுத்துகளைச் சேர்த்து வரையும் பாங்கோ நூலகத்தை இயக்கும் சூழல் மாறி ஒன்றுக்கு 1 என்று மதிப்புக் கொடுத்துத்தான் ஃபயர்பாக்ஸைத் திறக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் யூனிகோட் தமிழும் கொம்பும் காலும் பிரிந்து தெரியும். விண்டோஸ் எக்ஸ்பியிலும் வட்டார, மொழி அமைப்புகளுக்குள் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடித்தால் எக்ஸ்பி குறுந்தகட்டைக் கேட்கும். இணைய மையங்களில் அந்தக் குறுந்தகடு எங்கே இருக்கும்? உலாவிப் பங்கு என்று பேசும்போது அதன் அடியில் இயங்குதளப் பங்கும் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

இதற்கு நடுவே ஒரு நல்ல வழியும் இருந்தது. உமர்தம்பி ஆக்கிய தேனீ எழுத்துரு, யூனிகோட் எழுத்துருவையே ஈஓடியாக்கிக் கொடுத்தது. பல தமிழ் வலைப்பதிவுகள் அதைச் சேர்த்துக்கொண்டன. விண்டோஸ் 98இல் ஐஇ வைத்திருந்தவருக்கு எழுத்துரு தானாக வந்தது. அந்த டிக்கை அடித்திருந்த எக்ஸ்பியில் ஃபயர்பாக்ஸ் வைத்திருந்தவர் ஈஓடி கிடைக்காமல் லதாவில் படித்தார். அதே ஈஓடி, அதே உலாவிப் பங்கு. கோப்புக்குள் இருந்தது உண்மையான தமிழ் என்பதால் மிச்சப் பேரும் வாசித்தார்கள். செய்தித்தளங்கள் பல ஆண்டு தயங்கி நின்ற இடத்தைத் தனிமனித வலைப்பதிவுகள் முன்பே கடந்துவிட்டன. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது 2010 ஜூனில்தான்.

பங்கு உடைந்த பிறகு

2008 மார்ச்சில் சஃபாரி 3.1, கணினியில் நிறுவும் சாதாரண எழுத்துருக் கோப்பான டிடிஎஃப்பை அப்படியே ஏற்கத் தொடங்கியது. 2009 ஜூனில் ஃபயர்பாக்ஸ் 3.5, செப்டம்பரில் ஓபரா 10, 2010 ஜனவரியில் குரோம் 4. சிஎஸ்எஸ்ஸை முதலில் முன்மொழிந்த ஹோகன் வியூம் லீ, ஓபராவில் இருந்துகொண்டு இதற்காக 2006 முதலே வாதாடி வந்தார்.

எழுத்துரு வடிவமைப்பு நிறுவனங்கள் ஒப்பவில்லை. டிடிஎஃப்பைச் சர்வரில் வைப்பது, விற்பனைச் சரக்கை வாசலில் கொட்டிவைப்பது போலத்தான் அவர்களுக்குப் பட்டது. மைக்ரோசாஃப்டும் டிடிஎஃப்பை நேரடியாக ஏற்க முன்வரவில்லை. மாறாக 2008இல் ஈஓடியை டபிள்யூ3சியிடம் கொடுத்தது. முகவரிப் பட்டியல் என்ற பூட்டு மற்ற உலாவிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. பட்டியலும் சுருக்க முறையும் இல்லாத ஈஓடி லைட் என்ற யோசனை 2009இல் வந்தது. பழைய ஐஇக்களிலும் அப்படியே ஓடியிருக்கும் என்பதால் பங்கு மட்டும் பேசியிருந்தால் அதுதான் வென்றிருக்க வேண்டும்.

வெல்லவில்லை. அப்போதைய நிலவரம் பாருங்கள். உலாவிப் பங்கைக் கணக்கிடும் ஸ்டாட்கவுன்டர் நிறுவனத்தின் கணக்கில் 2009 தொடக்கத்தில் ஐஇ ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஃபயர்பாக்ஸ் கால் பங்குக்குச் சற்று மேல். அந்த மூன்றில் இரண்டும் ஐஇ 6, 7, 8 என்று மூன்று துண்டாகக் கிடந்தது. 2009 டிசம்பரில் தனித்தனிப் பதிப்பாக எண்ணியபோது ஃபயர்பாக்ஸ் 3.5 முதலிடத்துக்கே வந்துவிட்டது. இரு தரப்பாலும் மற்றவரை ஒதுக்க முடியாது. எழுத்துரு விற்பவர்களுக்கோ இரு தரப்பிலும் ஓடும் ஒரே சரக்கு வேண்டும்.

எரிக் வான் ப்ளோக்லண்ட், டால் லெமிங், ஜொனதன் கியூ மூவரும் வடித்த வாஃப் இந்த நெருக்கடிக்குப் பொருந்தியது. உள்ளே இருப்பது அதே டிடிஎஃப் அட்டவணைகள், ஒவ்வொன்றும் தனித்தனியே ஸீலிப் முறையில் சுருக்கப்பட்டவை. மேலே ஒரு சிறு தலைப்பும், உரிமத் தகவல் எழுத ஓர் இடமும் உண்டு. பூட்டு எதுவும் இல்லை. ஆனால் இறக்கிய கோப்பை அப்படியே கணினியில் நிறுவ முடியாது. அந்தச் சிறு தடையே வடிவமைப்பு நிறுவனங்களுக்குப் போதுமானதாக இருந்தது. 2010 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லா, ஓபராவோடு மைக்ரோசாஃப்டும் சேர்ந்து இதை டபிள்யூ3சியிடம் சமர்ப்பித்தது. 2011 மார்ச்சில் ஐஇ 9 இதை ஏற்றது. டிசம்பர் 13, 2012இல் பரிந்துரையானது.

பங்கு 95ஆக இருந்த காலத்தில் யாருக்கும் பேச்சுவார்த்தை தேவைப்படவில்லை. அறுபதும் முப்பதுமாக உடைந்தபோதுதான் உட்கார்ந்து பேசினார்கள்.

நான்கு வடிவத்தை ஒரே விதியில் அடைத்த வித்தை

தரம் வந்தாலும் பழைய ஐஇக்கள் போய்விடவில்லை. தளங்கள் அவற்றுக்காகக் காத்திருக்கவும் இல்லை. அதற்குக் காரணம் ஃபான்ட்-ஃபேஸ் விதியின் மூலப் பட்டியல். பல முகவரிகளைக் காற்புள்ளியிட்டு அடுக்கலாம், உலாவி தனக்குத் தெரிந்த முதல் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் ஐஇ 6, 7, 8க்கு அடுக்கு புரியாது. முதல் அடைப்புக்குறி திறந்த இடத்திலிருந்து கடைசி அடைப்புக்குறி மூடும் இடம்வரை எல்லாவற்றையும் ஒரே முகவரியாக எடுத்துக்கொண்டு சர்வரைக் கேட்கும். கோப்பு இல்லை என்ற 404 பிழை வரும். இதற்கு இரண்டு தீர்வு வந்தது. 2009இல் பால் ஐரிஷ் தந்த எழுத்துமுறையில், ஈஓடி வரியைத் தனியாக மேலே எழுதிவிட்டு, அடுத்த வரியில் கணினியிலேயே உள்ள எழுத்துருவைத் தேடும் கட்டளையில் ஒரு சிரிப்பு முகக் குறியைப் பெயராகக் கொடுப்பார்கள். அப்படியொரு பெயரில் எழுத்துரு இருக்காது. ஐஇக்கு அந்தக் கட்டளையே புரியாது என்பதால் அந்த வரியை விட்டுவிடும்.

2011இல் ஃபான்ட்ஸ்பிரிங் காட்டியது இன்னும் எளிது. ஈஓடி முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறி. ஐஇ மீதி எல்லாவற்றையும் முகவரியாகவே நினைத்தாலும், கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது வினவல் என்று எடுத்துக்கொண்டு சர்வர் சரியான ஈஓடியைக் கொடுத்துவிடும். ஒற்றை எழுத்துக் கேள்விக்குறி, மூன்று பதிப்பு ஐஇக்களின் பிழையை விழுங்கிவிட்டது. வாஃப் பரவிய வேகத்துக்கு இந்த ஒட்டுவேலைக்குத் தர ஆவணத்துக்கு நிகரான பங்கு உண்டு என்றே நாம் நினைக்கிறோம்.

அந்த நாளில் தடுக்கிவிழும் இடங்கள் மூன்று. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வருக்கு வாஃப் என்ற பின்னொட்டு தெரியாது, கோப்பு இருந்தும் 404 தரும். கோப்பு எந்த வகை என்று உலாவிக்குச் சொல்லும் மைம் வகையை நாமே சேர்க்க வேண்டும். (எழுத்துருக்களுக்கென்று தனி மைம் குடும்பம் 2017இல்தான் பதிவானது.) எழுத்துருவை வேறொரு டொமைனில் வைத்தால், அந்தச் சர்வர் அனுமதித் தலைப்பை அனுப்பாதவரை ஃபயர்பாக்ஸும் ஐஇ 9உம் அதைத் தள்ளிவிடும். குரோமில் மட்டும் சோதித்தவர்களுக்கு அன்று இது தெரியவில்லை. மூன்றாவது, எழுத்துருவின் முழுப்பெயர் அதன் குடும்பப்பெயரில் தொடங்காவிட்டால் பழைய ஐஇ ஈஓடியை ஓசையில்லாமல் ஒதுக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது.

ஆதரவு உண்டு என்ற பட்டியலும் உடைந்த தமிழும்

உலாவி ஆதரவுப் பட்டியல்களில் பச்சைக் கட்டம் என்றால், எழுத்துரு இறங்குகிறது என்று பொருள். தமிழுக்கு அது பாதி வேலை. 'கு', 'கூ', 'க்ஷ' போன்றவை யூனிகோடில் தனி எண் இல்லாத வடிவங்கள். எழுத்துருவுக்குள் இருக்கும் மாற்றீட்டு அட்டவணை, க-வும் உகரக் குறியும் சேர்ந்தால் இந்த வடிவத்தைப் போடு என்று சொல்ல வேண்டும்.

குரோம், இறக்கிய எழுத்துருக்கள் மூலம் தாக்குதல் வராமல் இருக்க ஒரு வடிகட்டியை வைத்தது. அதன் தொடக்கப் பதிப்புகள் இந்த மாற்றீட்டு அட்டவணைகளைச் சரிபார்க்கத் தெரியாமல் வெட்டி எறிந்தன. ஆங்கிலத்தில் வித்தியாசமே தெரியாது. தமிழில் ககரமும் உகரமும் தனித்தனியாக நின்றன. பட்டியலில் பச்சை, திரையில் உடைந்த எழுத்து. பின்னர் சரிசெய்தார்கள். எழுத்துரு நறுக்கும் கருவிகளிலும் இதே கோளாறு வரும்: எண் உள்ள எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளினால் 'கு' போய்விடும். இன்றும் தமிழ் எழுத்துருவை நறுக்குபவர், மாற்றீட்டு அட்டவணையைத் தொடர்ந்து சென்று அதில் வரும் வடிவங்களையும் சேர்க்கும் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். தமிழ்த் தொகுதியோடு இணைப்பான், இணைப்பு நீக்கி ஆகிய கண்ணுக்குத் தெரியாத இரு குறிகள், ரூபாய்க்குறி, புள்ளிவட்டம் ஆகியவற்றையும் விடக்கூடாது. நறுக்கியபின் 'ஸ்ரீ, க்ஷூ, ஹூ, டூ' என்று ஒரு வரி தட்டிப் பார்த்தால் போதும், உடைந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

கைப்பேசியில் இன்னொரு வகை மிச்சம். பழைய ஆண்ட்ராய்டு, நோக்கியா போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த நாளில் எல்லோரும் ஓபரா மினியை வைத்துக்கொண்டார்கள். முகவரிப் பட்டையில் ஓபரா, முக்காற்புள்ளி, கன்ஃபிக் என்று தட்டி, சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் பிட்மேப் எழுத்துரு என்ற வரியில் ஆம் என்று மாற்றினால், சர்வரே தமிழைப் படமாக வரைந்து அனுப்பும். நாம் கொடுத்த வலை எழுத்துரு அங்கே ஏறவே ஏறாது. ஆனால் யூனிகோட் பக்கம் என்றால் வாசகருக்குக் கவலையில்லை. பாமினிப் பக்கத்துக்கு அந்தச் சர்வராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எந்த வரியை எப்போது நீக்குவது

வாஃப்2 இந்தப் பாதையில் இடறாமல் போனது. ப்ராட்லி சுருக்கம், எழுத்து வரைவுகளைத் திருத்தி அடுக்கும் முன்வேலை இரண்டும் சேர்ந்து சராசரியாக வாஃபை விட 30 சதவீதம் சிறிய கோப்பு. குரோம் 36 (2014), ஃபயர்பாக்ஸ் 39 (2015), எட்ஜ் 14, சஃபாரி 10 (இரண்டும் 2016), பரிந்துரை 2018 மார்ச். குரோம் மட்டும் ஏற்றிருந்த நாளிலேயே தளங்கள் இதைப் பட்டியலின் தலையில் சேர்த்துவிட்டன. தெரிந்தவர் எடுத்துக்கொள்வார், தெரியாதவர் அடுத்த வரிக்குப் போவார். சேர்ப்பதற்கான விலை சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி மட்டும். வரிசை முக்கியம்: வாஃபை முதலில் எழுதினால் எல்லா உலாவியும் பெரிய கோப்பையே இறக்கும், யாருக்கும் பிழை தெரியாது, பட்டியலில் வாஃப்2 சும்மா கிடக்கும்.

சேர்ப்பதற்குப் பங்கு தேவையில்லை, நீக்குவதற்குத்தான் தேவை. அதற்கும் உலகச் சராசரியைப் பார்த்துப் பயனில்லை. செய்ய வேண்டியது சர்வர் பதிவுகளைப் பார்ப்பது. ஒரு மாதப் பதிவில் வாஃப்2 கோப்பு எத்தனை முறை கேட்கப்பட்டது, வாஃப் எத்தனை, இரண்டும் கேட்காத பக்கப்பார்வை எத்தனை என்று எண்ணுங்கள். இறக்கிய கோப்பை உலாவி சேமித்து வைக்கும் கேஷ் காரணமாக ஒரே வாசகரின் அடுத்த பக்கங்களில் எழுத்துருக் கோரிக்கை வராது, எனவே ஒருவரின் முதல் பக்கத்தை மட்டும் எண்ண வேண்டும். தவழ்நிரல்களைக் கழிக்க வேண்டும். உலாவியின் பெயரைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், இயந்திரத்தைப் பாருங்கள்: ஐபோனில் குரோம் என்ற பெயரில் ஓடுவதும் பெரும்பாலும் உள்ளே சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்தான், அதன் பதிப்பு ஐஓஎஸ் பதிப்போடு கட்டப்பட்டது. கணினியில் குரோம் தானே புதுப்பித்துக்கொள்ளும். பழைய ஐபோனில் இயங்குதளப் புதுப்பிப்பு நின்றுவிட்டால் உலாவியும் அங்கேயே நிற்கும். ஒரே ஒரு சதவீதம் என்றாலும் கரையும் ஒரு சதவீதம் வேறு, உறைந்த ஒரு சதவீதம் வேறு.

பிறகு அந்த மிச்சத்துக்கு என்ன தெரியும் என்று எழுதிப் பாருங்கள். ஒரு லட்சம் வாசகரில் மூவாயிரம் பேருக்கு வாஃப்2 இறங்காது என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை யூனிகோட் தமிழில் இருந்தால் அவர்கள் விண்டோஸில் நிர்மலா அல்லது லதாவிலும், ஆண்ட்ராய்டில் நோட்டோவிலும், ஆப்பிளில் தமிழ் சங்கம் எழுத்துருவிலும் படிப்பார்கள். வாஃப் வரியை இன்றே நீக்கலாம். ஐஇ 11 ஓய்வுபெற்ற 2022 ஜூனுக்குப் பிறகு பெரும்பாலான தளங்களுக்கு வாஃப்2 ஒன்றே போதும்.

அதே எழுத்துருவில் தேடல் கண்ணாடி, கூடை, மூன்று கோடு போன்ற சின்னங்களையும் அடைத்திருந்தால் கதை வேறு. சின்னங்கள், யூனிகோட் யாருக்கும் ஒதுக்காமல் விட்ட தனியார் பயன்பாட்டு எண்களில் இருக்கும், வேறெந்த எழுத்துருவிலும் அவற்றுக்கு வடிவம் கிடையாது. மூவாயிரம் பேருக்கும் பொத்தானில் வெற்றுக் கட்டம். 8-பிட் பாமினி செய்த அதே தவறு, புதிய வடிவக் கோப்பில். சின்னங்களை எஸ்விஜி என்ற வரைபட வடிவமாகப் பக்கத்திலேயே எழுதிவிடுவதுதான் தீர்வு, மிச்சம் கரையும்வரை காத்திருப்பதில் பலனில்லை.

இன்றைய வண்ண எழுத்துருக்களிலும் இதே கேள்விதான். கோலர் பதிப்பு 1 என்ற வடிவத்தைக் குரோம் 98, ஃபயர்பாக்ஸ் 107 இரண்டும் 2022இல் ஏற்றன, சஃபாரி ஏற்கவில்லை. குரோமும் அதே நிரலில் ஓடும் மற்ற உலாவிகளும் சேர்ந்த குரோமியம் குடும்பத்தின் பங்கைக் காட்டி இதைத் தலைப்பு எழுத்துக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர், எழுத்துருவுக்குள் வண்ணமற்ற சாதாரண வரைவும் ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் ஐபோனில் கறுப்பாகத் தெரியும், அவ்வளவே. சில வண்ண எழுத்துருக்களில் அந்தச் சாதாரண வரைவு காலி. அங்கே ஐபோன் வாசகருக்குத் தலைப்பே இருக்காது.

மிச்சம் 100 சதவீதமான பிறகு

ஈஓடி ஆதரவு போனபின், பழைய செய்தித்தளப் பக்கங்களுக்கு இன்று எல்லோருமே ஆதரவில்லாத மிச்சம்தான். ஆவணகத்தில் சேமிக்கப்பட்ட பக்கங்களைத் திறந்தால் முழுக்கக் குப்பை. மீட்க முடியும், ஆனால் கைவேலை.

ஈஓடிக் கோப்பு கிடைத்தால், தலைப்பில் உள்ள கொடிகளை முதலில் பார்க்க வேண்டும். மறையீட்டுக் கொடி எழும்பியிருந்தால் ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான 50 என்ற ஒரே எண்ணோடு எக்ஸார் என்ற பிட் கணக்கீடு செய்தால் திறந்துகொள்ளும். சுருக்கக் கொடி இருந்தால் லிப்ஈஓடி என்ற திறமூல நூலகம் விரித்துத் தரும். கையில் டிடிஎஃப் வந்ததும் ஒவ்வோர் எண்ணிலும் எந்தத் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்து அட்டவணை போட வேண்டும். நறுக்கிய கோப்பு என்றால் அட்டவணையில் ஓட்டைகள் இருக்கும், அதே தளத்தின் வேறு நாள் ஈஓடிகளைத் தேடி நிரப்ப வேண்டும்.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது. 8-பிட்டில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். கொம்பைக் கண்டதும் அடுத்த மெய்யைத் தாண்டி வைக்க வேண்டும், பின்னால் கால் வந்தால் இரண்டையும் ஒரே குறியாக்க வேண்டும்.

கடினமானது ஔகாரம். அதன் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் பெரும்பாலான 8-பிட் எழுத்துருக்களில் ஒரே இடம். 'கெளரவம்' என்று இன்றும் பல பக்கங்களில் நிற்பது இதன் எச்சம்தான். கொம்பு, மெய், ளகரம் என்று வந்து, அந்த ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாவிட்டால் அதை ஔ என்று எடுத்துக்கொள்ளலாம். 'வெள்ளி', 'தெளிவு' தப்பிக்கும், 'மௌனம்', 'பௌர்ணமி' சரியாக வரும். சிறுகதைப் பக்கங்களில் மட்டும் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடாது. பேச்சுவழக்கில் எழுதிய 'வெளக்குமாறு' எல்லாம் 'வௌக்குமாறு' ஆகிவிடும். அவற்றுக்கு விதிவிலக்குப் பட்டியல் ஒன்று தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.